நீரடிக் கோயிலுக்கு உரியோர்

ஏரியூருக்கு மேற்கே, குன்றுகள் தாழ்ந்து நிலம் பள்ளமாகச் சரியும் இடத்தில், மேட்டூர் அணையின் தேக்குநீர் ஆண்டின் பெரும்பகுதியும் அக்கரை தெரியாமல் விரிந்து கிடக்கும். ஆயினும், இக்கதை நிகழ்ந்த எண்பதுகளின் ஓர் ஆண்டில், பருவமழை அடுத்தடுத்துப் பொய்த்துப் போனமையால், வைகாசி நண்பகலில் அங்கு வந்து நின்றவர் கண்டது நீரன்று. பாளம் பாளமாக வெடித்து வெளுத்த வண்டல் வெளியும், அதன் நடுவே மெலிந்து நெளிந்த காவிரியும், நீர் பின்வாங்கிய தடமெல்லாம் பின்தொடர்ந்து உழுது எள்ளும் சோளமும் விதைத்துவிட்ட உழவரின் பச்சைத் திட்டுகளும், கரையொதுங்கி அழுகிய மீன்களுமே. இவை எல்லாவற்றுக்கும் நடுவில், சிறு மேடொன்றின்மேல், கூரை இழந்து, கதவு இழந்து, பாசி காய்ந்து கறுத்த சுவர்களோடு, ஐம்பது ஆண்டுக்காலம் நீரடியில் கிடந்த ஒரு பழங்கோயில் வெளிப்பட்டு நின்றது. அது வெளிப்படாமலே இருந்திருக்கலாம் என்று நான் எண்ணுகிறேன். படித்து முடித்தபின் நீங்களும் அவ்வாறே எண்ணுவீர்கள்.

அணை கட்டப்படுமுன் அக்கோயிலைச் சுற்றி ஒரே ஊர் இருந்தது. உழுது வாழ்ந்த அவ்வூரார் அனைவரும் கிறித்துவின் நெறியில் நின்றவர். ஆண்டவரின் முதல் தொண்டர்களான இராயப்பரும் சின்னப்பரும் ஒரே பீடத்தின்மேல் அருகருகே நிற்க, அவ்விருவருக்கும் ஆனித் திங்களில் ஒரே நாளில் விழா எடுத்தவர். நீர் ஏறி வந்தபோது ஊர் இரண்டாய்ப் பிரிந்தது. கிழக்கே ஒதுங்கிக் கரையூர் அமைத்தவர்கள் திறவுகோல் ஏந்திய இராயப்பரின் திருவுருவைத் தோளில் சுமந்து சென்றனர். வடக்கே ஏறி மேட்டுப்புதூர் அமைத்தவர்கள் வாளேந்திய சின்னப்பரைச் சுமந்து சென்றனர். உடன்பிறந்தார் வீட்டுப் பண்டம் பிரித்துக்கொள்வது போல அவ்விரு தூயரையும் பிரித்துக்கொண்டவர்கள், கோயிலை மட்டும் பிரிக்க வழியறியாமல் நீருக்கு விட்டுப் போயினர்.

அன்று தொடங்கியது வழக்கு. ஆண்டவர் விண்ணேறிய பின் மண்ணில் எஞ்சிய முதல் திருச்சபை யாருடையது, அதை நிறுவியவர் இராயப்பரா சின்னப்பரா என்று கற்றோர் ஏடுகளில் வினவிய வினாவை, இவ்விரண்டு ஊராரும் கிணற்றடியிலும் களத்துமேட்டிலும் பென்னாகரம் போகும் பேருந்திலும் வினவினர். "ஆண்டவரு தெறவுகோலக் குடுத்தது எங்க இராயப்பருகிட்ட. தெறவுகோலு யாரு கையில இருக்குதோ, அவுங்களுதுதான் வூடு" என்பர் கரையூரார். "உங்காளு சொந்தக்காரங்களோடவே குந்தியிருந்தாரு. ஊரூராப் போயி, கப்பல் ஒடஞ்சி, கல்லடி பட்டு, நம்மள மாதிரி வெளியாளுங்களச் சேத்துக்கிட்டவரு எங்க சின்னப்பருங்க" என்பர் மேட்டுப்புதூரார். "அவரு ஆண்டவரக் கண்ணாலகூடப் பாத்ததில்லையே!" என்று எகிறுவான் கரையூரான். "பாத்தவரு எழுதி வெச்சது எத்தன, பாக்காதவரு எழுதி வெச்சது எத்தன? தெறந்து பாரு!" என்று மடக்குவான் மேட்டுப்புதூரான். எருசலேமையும் உரோமையையும் படத்திலும் பாராத இவர்கள், அங்கு நடந்தவற்றை நேற்றுத் தம் வரப்பில் நடந்த சண்டை போலப் பேசினர். அந்தியோக்கி நகரில் அவ்விரு தொண்டரும் முகத்துக்கு முகம் முரண்பட்டு நின்றனர் என்பதை இரண்டூரும் நன்கறியும். பின்னர் இருவரும் ஒரே நகரில் ஒரே நெறிக்காக உயிர் கொடுத்தனர் என்பதுதான் எவர் நினைவிலும் தங்கவில்லை.

இத்தகைய ஊர்களுக்குப் பங்குத்தந்தையாய் வந்து சேர்ந்தார் சவுரியப்பன் அடிகள். கல்வி மிக்கவர், நல்லவர், எவரையும் நோகச் சொல்லத் துணியாதவர். இம்மூன்றும் ஒருவரிடம் சேர்ந்தால் ஊருக்கு வரும் கேடு சிறிதன்று. வெளிப்பட்ட கோயிலைக் கண்டு உள்ளம் உருகிய அவர், அவ்வாண்டு விழாத் திருப்பலியை அங்கேயே நிறைவேற்றுவோம் என அறிவித்தார். அறிவித்த மறுநாளே இரண்டூர்ப் பெரியவர்களும் அவர் வாயிலில் நின்றனர். விழாவை நடத்தும் உரிமை எந்த ஊருக்கோ அந்த ஊரே முதற்கோயிலின் வழித்தோன்றல் ஆகும். குருவானவர் நிலையாய்த் தங்கப்போவதும் அவ்வூரிலேதான் என்று பேச்சு இருந்தது. எப்பக்கமும் சாயாமல் தப்ப வழி தேடிய அடிகள், "முதற் கிறித்தவர்களிடம் ஆவணமா இருந்தது? விளக்கேற்றி விழித்திருந்தார்கள். விழா நாள்வரை அப்பீடத்தில் விளக்கணையாமல் காக்கும் ஊர் எதுவோ அதுவே உரிய ஊர்" என்றார். சில நாள் காத்துச் சலித்து, இரண்டூரும் ஒன்றாய் வந்து நிற்கும் என்பது அவர் கணக்கு. அவர் படித்த நூல்களில் ஏரியூர்ப் பக்கத்து உழவரைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை போலும்.

பீடமேடையின் இரு கோடியிலும் இரண்டு விளக்குகள் ஏற்றப்பட்டன. மாற்றாள் மேடைமேல் ஏறிய பின்னரே காவலாள் இறங்க வேண்டும். மாற்றாளின்றி எவன் முதலில் இறங்குகிறானோ அவன் ஊர் தோற்ற ஊர் என்று பெரியவர்கள் தமக்குள் முறை வகுத்தனர். அதோடு நில்லாமல், கோயிலின் அடிக்கல்லைக் கண்டெடுத்தால் அதில் தம் முன்னோன் பெயர் இருக்கும் என்னும் ஆசையால், கரையூரார் பீடத்தின் அடியில் ஒரு பக்கம் தோண்டினர். அதைக் கண்டு பொறாத மேட்டுப்புதூரார் மறுபக்கம் தோண்டினர். இரண்டு குழியும் உள்ளே சந்தித்து ஆள் மூழ்கும் ஆழத்துக்கு ஒரே குழியாயின. பெயர் பொறித்த கல் எதுவும் அகப்படவில்லை. ஐம்பது ஆண்டு நீரில் ஊறிய பீடச்சுவர் பிடிமண் இழந்து அந்தரத்தில் நின்றது. குழியை மூட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, தோன்றியவரும் அவர்கள் மூடட்டும் என்று இருந்துவிட்டனர்.

இனி இராசமேரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேட்டுப்புதூரில் பிறந்து கரையூரில் வாழ்க்கைப்பட்டவள் அவள். கரையூர் விளக்கைப் பகற்பொழுதில் காத்தவன் அவள் கணவன் அருள்சாமி. எதிர்விளக்கைக் காத்தவன் அவளைத் தோளில் தூக்கி வளர்த்த அண்ணன் சின்னப்பன். இருவரும் பகைவர் அல்லர். ஒரே கூட்டாய் ஏர்மாடு வாங்கி உழுதவர்கள். காவலிருந்த நாட்களிலும் இரண்டு விளக்குக்கும் நடுவே அவர்கள் கையிலிருந்து வெற்றிலையும் புகையிலையும் மாறிக்கொண்டுதான் இருந்தன. இராசமேரி ஒரே சட்டியில் கேழ்வரகுக் களி கிண்டிக் கொண்டுபோய், இரு பங்காக்கி இருவர் முன்னும் வைப்பாள். ஊர்ப் பெருமைக்காக இரண்டு நல்ல ஆடவர் பகலெல்லாம் ஒரு மேடையில் குந்தியிருப்பது அவளுக்கு முதலில் சிரிப்பாயிருந்தது.

விழாவுக்கு முந்திய நாள் காலையில் சிரிப்பு போயிற்று. குடகு மலையில் பெய்த பெருமழை அறிவிப்பின்றி இறங்கி வந்தது. "ஒகேனக்கல்லுலயே தண்ணி செவந்துடுச்சு. பொழுது உச்சிக்கு வர்றதுக்குள்ள மேடு முழுகிடும்" என்று பரிசல்காரன் மாது இரு கரையிலும் கூவிக்கொண்டு போனான். மாது கிறித்து நெறியைச் சேர்ந்தவன் அல்லன். ஆற்றோரத்து முனியப்பனுக்குப் பொங்கல் வைப்பவன். எள்ளுக்கொல்லைகளை விழுங்கிக்கொண்டு செந்நீர் ஏறிவந்ததைக் கண்டு, இருவரையும் விடுவிக்க முன்கூட்டியே புறப்பட்ட மாற்றாட்கள் பாதி வழியிலேயே திரும்பிவிட்டனர். கிழக்குக் கரையில் ஓர் ஊரும் வடகரையில் ஓர் ஊரும் திரண்டு நின்றன. நின்று, பாருங்கள், எவரும் தம் ஆளை இறங்கி வா என்று அழைக்கவில்லை. "மொதல்ல அவுங்காளு எறங்கட்டும், அப்பறம் நம்மாளு எறங்குவான்" என்று கரையூர்ப் பெரியவர் சவரி கைத்தடியை ஊன்றிச் சொன்னார். வடகரையிலும் இதே சொற்களை வேறொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

இராசமேரி மாதுவின் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள். "ஊர்ப் பெரியவங்க பரிசல எடுக்க வேண்டாங்கறாங்களே தாயி" என்று தயங்கியவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவளையும் ஏற்றிக்கொண்டு துடுப்பை எடுத்தான். சுழித்து ஓடிய நீரில் பரிசல் பம்பரமாய்ச் சுற்றி, கோயில் வாயிலை அடைந்தபோது உள்ளே இடுப்பளவு நீர் ஏறியிருந்தது. சரிந்து கிடந்த தூண்கள் வாயிலை அடைத்திருந்தமையால் பரிசல் உள்ளே புக இயலவில்லை. பீடமேடையின்மேல், முழங்கால்வரை நனைந்து, அவனவன் விளக்கைப் பக்கச்சுவரில் தலைக்குமேல் இருந்த மாடத்தில் வைத்துக் காத்தபடி, இருவரும் நின்றிருந்தனர்.

"அண்ணா! எறங்கி வந்துடுண்ணா! ஏங்க, நீங்களும் வாங்க!" என்று அவள் கதறினாள்.

"மாப்ள எறங்கட்டும் தாயி. பின்னாடியே நான் வந்துடறேன்" என்றான் சின்னப்பன்.

"மச்சான்தானுங்க பெரியவரு. அவரு எறங்கட்டும்" என்றான் அருள்சாமி.

"ரெண்டு பேரும் ஒண்ணா எறங்குங்களேன்! நான் பாத்துச் சொல்றேன். மாது அண்ணனும் பாத்துக்கிட்டுத்தான இருக்காரு!"

"பொம்பள சொல்றத ஊரு ஒத்துக்குமா? வேத்தாளு சொன்னா ஒத்துக்குமா? நாளைக்கி எல்லாத்துக்கும் நாந்தான பதில் சொல்லோணும்" என்றான் அருள்சாமி.  அச்சம் அவனுக்கும் இருந்தது. ஆனால் அவன் ஆற்றுக்கு அஞ்சியதைவிட ஊருக்கு மிகுதியாய் அஞ்சினான்.

"சாமிங்கள மேட்டுல பத்தரமா வெச்சுட்டு மனுசங்களத் தண்ணியில வெச்சிருக்கறீங்களே, இதென்ன கும்பிடுங்க?" என்று மாது கத்தினான்.

அவ்வேளையில் அருள்சாமியின் எண்ணெய்க் கலயம் மேடையிலிருந்து மிதந்து நகர்ந்தது. எட்டிப் பிடிக்கக் குனிந்தவன் கால் வழுக்கி, நீர் மூடி மறைத்திருந்த குழிக்குள் விழுந்தான். தலை ஒருமுறை தெரிந்தது, மறைந்தது; கை மட்டும் நீருக்கு மேலே தவித்தது. சின்னப்பன் தன் விளக்கைப் பார்க்கவில்லை, ஊரை எண்ணவில்லை, முறையை எண்ணவில்லை. மேடையை விட்டுக் குதித்து, மூழ்கி, மைத்துனனின் இடுப்பைப் பற்றி, தன் தோளை அவன் காலுக்குப் படியாக்கி, ஒரே மூச்சில் அவனை மேடைமேல் தள்ளினான். தள்ளிய வேகத்தில் அவன் கால்கள் குழியோரம் சரிந்து குவிந்த வண்டலில் முழங்கால்வரை புதைந்தன. நீர் அவன் மோவாயைத் தொட்டது. இழுத்தும் கால் வரவில்லை.

"கையக் குடு மாப்ளே" என்றான் சின்னப்பன், அமைதியாகவே. கொடுப்பான் என்பதில் அவனுக்கு ஐயமே இல்லை.

அருள்சாமி மேடைமேல் மண்டியிட்டுத் திரும்பினான். திரும்பியவன் கண்ணில், மாடத்திலிருந்த தன் விளக்கின் சுடர் காற்றில் சாய்ந்து சுருங்குவது பட்டது. எதிர்விளக்குக்குக் காவலில்லை, இவ்விளக்கு ஒன்று நின்றால் கோயில் கரையூருடையது. அவன் எழுந்து இரு கைகளாலும் அச்சுடரை மூடிக் காத்தான். ஒரு மூச்சு விடும் பொழுதுதான். அடிமண் இழந்த பீடச்சுவர் அப்பொழுதுக்காகவே காத்திருந்ததுபோல் முன்னே சரிந்து, குழியின்மேல் விழுந்தது. அருள்சாமி குழறியபடி திரும்பி நீருக்குள் கை விட்டபோது அங்கே செங்கல் மட்டுமே இருந்தது. இராசமேரி வாயிலில் இருந்தபடி அத்தனையையும் கண்டாள்.  மாதுதான் அலறிக்கொண்டு நீரில் பாய்ந்து, அருள்சாமியை மட்டும் இழுத்துக்கொண்டு வந்தான்.

மறுநாள் விழா நாள். அன்று காலை மாது நான்கு ஆட்களோடு மூழ்கித் தேடிச் சின்னப்பனின் உடலை எடுத்துக் கரை சேர்த்தான். மேட்டுப்புதூரார் அவ்வுடலை வெள்ளைத் துணியில் கிடத்தி, விளக்கை விடாது காத்து உயிர் நீத்த சான்றோன் இவன், முதல் திருச்சபை குருதியின்மேல் எழுந்ததுபோல் எங்கள் உரிமையும் இக்குருதியின்மேல் எழுந்தது என்று முழங்கினர். முதலில் இறங்கியவன் அவனே, எங்கள் விளக்கு அணையவில்லை என்று கரையூரார் எதிர்முழங்கினர். அடக்கம் நடக்க வேண்டுமானால் உண்மை தெரிந்தாக வேண்டும் என்று இரண்டூரும் அடிகளை நெருக்கின. பிணத்தை வைத்துக்கொண்டு பேசும் பேச்சா இது என்று ஒரு சொல் உரத்துச் சொல்லியிருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. வெளிறிய முகத்தோடு அருள்சாமியை அழைத்து, "மேடையை விட்டு முதலில் இறங்கியவர் யார்?" என்று வினவினார்.

அருள்சாமி தன் ஊராரைப் பார்த்தான். சவரியின் கண்கள் அவன்மேல் ஊன்றியிருந்தன.

"மச்சாந்தானுங்க சாமி மொதல்ல எறங்கனாரு" என்றான்.

கரையூர்ப் பக்கம் எழுந்த ஆரவாரத்தில், பிணத்தின் தலைமாட்டில் அமர்ந்திருந்த இராசமேரி எழுந்து நின்றதை முதலில் ஒருவரும் பார்க்கவில்லை. "எதுக்கு எறங்கனாருன்னும் சொல்லுங்க" என்றாள் கணவனிடம். அவன் குனிந்த தலை நிமிரவில்லை. "அப்ப நான் சொல்றேனுங்க. இவரு குழியில வுழுந்துட்டாரு. எங்கண்ணன் குதிச்சுத் தூக்கி மேல வுட்டுச்சு. அதுக்குத்தான் எறங்குச்சு. இவரு உசுரோட நிக்கறது அதனாலதான்."

"நானும் பாத்தேனுங்க. அந்தாயி சொல்றதுதான் நெசம்" என்றான் மாது, கூட்டத்தின் ஓரத்திலிருந்து.

 பின்பு சவரி தொண்டையைச் செருமி, "வுழுந்தது வேற, எறங்கனது வேற. எதுக்கு எறங்கனான்னு யாரும் கேக்கல. யாரு எறங்கனாங்கன்னுதான் பேச்சு" என்றார். கரையூரார் தலையசைத்தனர். இராசமேரி தன் பிறந்த ஊராரை நோக்கித் திரும்பினாள். அவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். "வூட்டுக்காரனுக்குப் பரிஞ்சு பேசறா. நம்ம சின்னப்பன் எறங்கவே இல்ல. வெளக்கக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத்தான் செத்தான்" என்று அவளைச் சிறுமியாய் அறிந்த கிழவர் ஒருவரே சொன்னார். ஆண்டவரின் கல்லறை திறந்திருந்ததை முதலில் கண்டு ஓடிவந்து உரைத்தவர்களும் பெண்டிரே. அன்றும் ஆடவர் அதைப் பிதற்றல் என்றனர் என்பதை அடிகள் எத்தனையோ முறை மறையுரையில் விளக்கியவர்தாம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னப்பன் மேட்டுப்புதூரில் அடக்கம் செய்யப்பட்டான். விளக்கை விட்டு அகலாதவன் என்று அவன் கல்லறையில் பொறித்தனர். விழா உரிமை கரையூருக்குச் சென்றது. அதற்குள் கோயில் முழுதும் நீருக்குள் போய்விட்டது.

அன்று மாலை, அடுப்பு மூட்டாத வீட்டில், அருள்சாமி மனைவியின் எதிரே வந்து அமர்ந்தான். "நான் பொய் சொல்லலியே மேரி. கேட்டதுக்குத்தான பதில் சொன்னேன்" என்றான்.

"ஊர்ல நான் ஒண்ணு சொல்லாம வுட்டுட்டேன்" என்றாள் அவள். "கையக் குடு மாப்ளேன்னு எங்கண்ணன் கேட்டுச்சு. நீங்க வெளக்கப் பாத்தீங்க."

அவன் பதறி அவள் கால்களைப் பற்றினான். "ஒரு நிமிசந்தான்... திரும்பறதுக்குள்ள சொவரு..."

"தெரியும். அதனாலதான் சொல்லல. சொல்லியிருந்தா உங்களக் கொன்னு போட்டிருப்பாங்க. எங்கண்ணன் உசுரக் குடுத்துக் காப்பாத்துன ஆளு நீங்க. உங்கள நான் சாவ வுட முடியாது." அவள் கால்களை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "ஆனா இனிமே என்னத் தொடாதீங்க. அந்தக் கையால தொடாதீங்க."

அவள் அவ்வீட்டிலேயே வாழ்ந்தாள். களி கிண்டினாள், களையெடுத்தாள், அவன் நோயுற்றபோது கஞ்சி ஊற்றினாள். அண்ணன் கை கேட்டதை எவரிடமும் சொல்லாமல் வாழ்நாளெல்லாம் காத்தாள். ஆண்டுதோறும் ஆனியில் அவன் முதலிருக்கையில் அமர்ந்தான். அமர்ந்திருக்கும் நேரமெல்லாம் தன் கைகளை மேல்துண்டுக்குள் மறைத்தே வைத்திருந்தான் என்று கண்டவர் கூறுவர்.

அன்புடையீர், முதல் திருச்சபை யாருடையது என்னும் வழக்கு இன்னும் அவ்வூர்களில் ஓயவில்லை. திறவுகோலைக் காட்டி ஓர் ஊரும் வாளைக் காட்டி ஓர் ஊரும் வாதாடிக்கொண்டுதான் இருக்கின்றன. எனக்குத் தோன்றுவது இவ்வளவே. அவர்கள் தேடிய அத்திருச்சபை, ஒருநாள், ஒரு மூச்சு விடும் பொழுது, அவர்கள் தோண்டிய குழியிலேயே முழங்கால்வரை சேற்றில் புதைந்து, பகையூரானை மேலே ஏற்றிவிட்டு, கையை நீட்டிக்கொண்டு நின்றது. அதற்கு மட்டும் உரிமை கோரி இரண்டூரிலும் ஒருவரும் வரவில்லை.